ஃபேன் நட்டும் உங்கள் சோத்தாங்கையும்

சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியாயிற்று. நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருக்கிறது. முகர்ந்தால் டீசல் வாடை. சப்பாத்திக்கு மாவு பிசைய உட்கார்ந்தவள், இந்தக் கையோடு பிசைய மனமில்லாமல் எழுந்து வந்து உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால், "டீச்சருக்கு என்னா திடீர்னு மெக்கானிக் வேல?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நீங்களே சிரித்திருப்பீர்கள்.

நம் லாரியை விற்றதை உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் படத்துக்குப் பூ வைக்கும்போதெல்லாம் சொல்ல நினைத்து, வேறு எதையாவது பேசிவிட்டு நகர்ந்துவிடுவேன். போன மாதம் குள்ளஞ்சாவடிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போனதிலிருந்து ஒரு வருடமாக ஓடாமல் நின்று டயரெல்லாம் வெடிப்பு விட்டுவிட்டது. தினமும் காலையில் கதவைத் திறந்தால் எதிரே அது நிற்கும், டிரைவர் சீட்டு காலியாக. எனக்குத் தாங்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

இன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. காலையில் வாங்கியவருடைய மெக்கானிக் போன் செய்தார். ஐம்பதைத் தாண்டிய குரல்.

"டீச்சரம்மா, தண்ணி பம்பு ஒழுகுது, மாத்தணும். அதுக்கு மின்ன ஃபேன கழட்டணுமில்ல, நடுவுல ஒத்த நட்டு, அசைய மாட்டேங்குது. ரெண்டு பேரு தொங்கிப் பாத்துட்டோம். கேஸ் வெச்சி அறுத்துடலாமான்னு ஓனரு கேக்குறாரு. சாரு இத பத்தி எதனா சொல்லியிருக்காரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது.

"எந்தப் பக்கம் தள்ளுறீங்க?" என்றேன்.

"கழட்டுற பக்கந்தான்."

"அதைத்தான் செய்யக்கூடாது. அறுக்காதீங்க. நான் வர்றேன்."

போனிலேயே சொல்லியிருக்கலாம், ஒரு வரிதான். ஆனாலும் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வடலூரில் பஸ் மாறி, குள்ளஞ்சாவடியில் இறங்கும்வரை ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தேன். அன்றைக்கு நடந்ததில் ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கல்யாணமாகி நான்கு வருடம் நீங்கள் லைன் வண்டியில் இருந்தீர்கள். வடக்கே சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் இருபத்தைந்து நாள். திரும்பி வந்து வீட்டில் இரண்டு நாள், அதில் ஒரு நாள் தூங்கியே போய்விடும். நம் பெண் மூன்று வயதில் உங்களை வாசலில் பார்த்துவிட்டு, "அம்மா, மாமா வந்திருக்காங்க" என்று உள்ளே ஓடி வந்தாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நீங்கள் சிரித்து முடித்து வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றதை அங்கிருந்து பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் அந்தப் பழைய லாரியைப் பிடித்து, அதில் தண்ணீர் டேங்கை ஏற்றினீர்கள். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பை ஒட்டிய காலனிகளுக்குக் குடிதண்ணீர் ஊற்றும் காண்டிராக்டர் ஒருவர் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை விடியற்காலை ஏ ஷிஃப்டுக்கு ஆள் போகிற நேரத்தில் வண்டி கேட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், எஞ்சினுக்குத் தண்ணீர் ஓட்டும் பம்பு ஒழுகுகிறது. பண்ருட்டிக்கு ஓடிப் புது பம்பு வாங்கி வந்துவிட்டீர்கள். பழையதைக் கழற்ற வேண்டும், அதற்கு முன்னால் எஞ்சின் ஃபேனைக் கழற்ற வேண்டும். செவ்வாய்க்கிழமை நாக்பூர் கிளம்பும் வண்டியில் உங்கள் சீட்டை வேறு பிடித்து வைத்திருந்தார்கள். ஆக, எனக்கு அன்றைக்கு ஒரே கேள்விதான். நட்டு கழன்றால் நீங்கள் வீட்டில். கழலாவிட்டால் நாக்பூரில்.

மற்ற நட்டெல்லாம் கழலும் திசையில் இது இறுகும், லெஃப்ட் மரை என்று காலையில் தோசை தின்றுகொண்டே விளக்கினீர்கள். ஃபேன் சுற்றுகிற வேகத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறான் என்றீர்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. நீங்கள் சொல்கிற பக்கம் தள்ளினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

ரேடியேட்டரை இறக்கி வைத்தாயிற்று. நான் எஞ்சினைப் பார்த்துப் பலகையில் உட்கார்ந்தேன். நட்டில் மாட்டிய ஸ்பேனர் கீழ்நோக்கித் தொங்கியது. அதன் பிடியில் இரண்டு முழ இரும்புக் குழாயைச் சொருகி என்னிடம் கொடுத்தீர்கள். நீங்கள் எனக்குப் பின்னால் நின்று, என் தலைக்கு மேலே குனிந்து, புல்லி சுற்றாமல் கடப்பாரையால் அண்டை கொடுத்துக்கொண்டீர்கள்.

"ம், சோத்தாங்கைப் பக்கம் தள்ளு" என்றீர்கள்.

இங்கேதான் வினை வந்தது. ஊரில் எல்லோருக்கும் சோறு தின்னும் கை வலது கை. உங்களுக்கு இடது. கல்யாண விருந்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, கூசாமல் இடது கையால் சாம்பார் சாதத்தைப் பிசைந்தீர்கள். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆனவர் என் அப்பா. "மாப்பிள்ளை நொட்டாங்கையாலயா சாப்பிடுவாரு?" என்று என் காதில் கேட்டார், பந்திக்கே கேட்கும்படி. நீங்கள் நிமிர்ந்து, "எந்தக் கை சோறு துன்னுதோ அதாங்க மாமா சோத்தாங்க" என்றீர்கள். அப்பா அதற்கப்புறம் பாயசம் கேட்கவில்லை. அதெல்லாம் தெரிந்தவள்தான் நான். ஆனால் அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் வலது பக்கமாக, உடம்பையே சாய்த்துத் தள்ளினேன்.

நட்டு அசைந்தது. ஒரு விரல் அகலம் நகர்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"ஏய், ஏய்! எந்தப் பக்கம் தள்ளுற?"

"நீங்க சொன்னதுதான். சோத்தாங்கைப் பக்கம்."

"அதுவா சோத்தாங்க?"

நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். நீங்கள் இடது கையைத் தூக்கிக் காட்டினீர்கள். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "காலங்காத்தால ரெண்டு பேரும் யாருக்கு டாட்டா காட்டுறீங்க?" என்றார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். துருப்பிடித்து இறுகிக் கிடந்த நட்டை என் பலம் முழுவதையும் போட்டு இன்னும் இறுக்கி வைத்திருந்தேன்.

"படிச்சவளாம், டீச்சராம். எது எந்தக் கையின்னு தெரியல" என்றீர்கள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் இதுதான் சோத்தாங்கை. உங்க ஒருத்தருக்காக அகராதியை மாத்த முடியாது" என்றேன்.

சொன்ன மறுநிமிடமே எனக்குச் சுட்டது. சின்ன வயதில் அந்தக் கையை இடுப்போடு கட்டிவைத்துத்தான் உங்களுக்குச் சோறு போட்டார்கள் என்று நீங்களே ஒருநாள் சொல்லியிருக்கிறீர்கள். என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நீங்களே உட்கார்ந்தீர்கள்.

மதியம் இரண்டு மணிவரை போராடினீர்கள். மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றினீர்கள். சுத்தியலால் தட்டினீர்கள். குழாய் வளைந்ததே தவிர நட்டு வளைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஸ்பேனர் நழுவி, உங்கள் உள்ளங்கைத் தோல் ஒரு பக்கமாக உரிந்து வந்துவிட்டது. மஞ்சள் வைக்க ஓடி வந்தேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டீர்கள்.

"என் கையால ஆவலன்னா ஆவாது. வுடு. செவ்வாக்கெழம வண்டி ஏறிடுறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு, லைன் வண்டிக்காரரிடம் நேரில் சொல்லிவிட்டு வர வடலூருக்குப் போய்விட்டீர்கள். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் லாரிக்கு முன்னால் நின்று அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். உங்கள் மேல் இல்லை, அந்த நட்டின் மேல்.

ஊறுகாய் பாட்டில் மூடி திறக்காவிட்டால் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து நட்டின்மேல் ஊற்றினேன். இஞ்சி நசுக்கும் குழவியை எடுத்து வந்து சுற்றிலும் தட்டினேன். மறுபடி ஊற்றினேன், மறுபடி தட்டினேன். கடப்பாரையை நீங்கள் வைத்த மாதிரியே அண்டை கொடுத்தேன். கையால் தள்ளினால் நடக்காது என்று தெரிந்துபோயிற்று. பலகையைக் குழாய்க்கு வலப்பக்கம், சுவரோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழாயின்மேல் இரண்டு காலையும் வைத்தேன். தினமும் காலையில் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனிதர் நீங்கள். உங்கள் ஸ்பேனர்மேல் கால் வைத்ததற்கு உங்களிடமும் சாமியிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இந்தத் தடவை பக்கம் தவறவில்லை. உங்கள் சோத்தாங்கைப் பக்கமாக, இடது பக்கமாக, சுவரில் முதுகை முட்டுக் கொடுத்து உதைத்தாற்போல் தள்ளினேன்.

கீச்சென்று ஒரு சத்தம். பல் கூசுகிற சத்தம். நட்டு விட்டுக்கொடுத்துவிட்டது. ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் சுற்றினேன், சுற்றியது.

தெருவுக்கு ஓடிக் கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் உங்கள் உள்ளங்கை ஞாபகம் வந்தது. 'என் கையால ஆவலன்னா ஆவாது' என்ற குரல் ஞாபகம் வந்தது. காலையில் நான் அந்தக் கையைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. நான் கழற்றியதாகச் சொன்னால் நீங்கள் சந்தோஷப்படத்தான் செய்வீர்கள். ஆனால் திங்கட்கிழமை அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது மனதில் சுருக்கென்று ஒன்று தைக்கும். அது வேண்டாம் என்று நினைத்தேன். நட்டைத் திரும்பப் போட்டு, ஸ்பேனரால் லேசாக ஒரு பிடி பிடித்துவிட்டேன். மேலே கொஞ்சம் கிரீஸைத் தடவினேன். முகம் கழுவிக்கொண்டு நல்ல பிள்ளையாக டீ போட்டேன்.

நீங்கள் ஐந்தரை மணிக்கு வந்தீர்கள். "சொல்லிட்டேன். செவ்வாக்கெழம வெள்ளன வரச் சொன்னாங்க" என்றீர்கள்.

"கடைசியா ஒரே ஒரு தடவ பாருங்களேன்."

"எத்தினி தடவ பாக்குறது?"

"எனக்காக."

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தீர்கள். ஸ்பேனரை மாட்டினீர்கள். குழாய் சொருகவில்லை. சற்று நேரம் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் காயம்பட்ட கையாலேயே மெதுவாக ஒரு தள்ளு. என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "வந்துடுச்சிடி" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. என் நடிப்பு பலித்துவிட்டதென்று நான் உள்ளுக்குள் குதித்தேன்.

ஏழரை மணிக்குப் புது பம்போடு எஞ்சின் உறுமியது. மறுநாள் ஏ ஷிஃப்டுக்கு வண்டி கேட்டில் நின்றது. அதற்கப்புறம் எட்டு வருடம் ஒவ்வொரு சாயங்காலமும் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். குழந்தைக்கு சைக்கிள் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அவள் பள்ளி ஆண்டு விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து பின்னால் இருப்பவர்களுக்கு மறைத்தது நீங்கள். போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோதும் நம் வீட்டுக் கூடத்தில், என் மடியில்தான் சரிந்தீர்கள். எங்கோ ஒரு தாபா வாசலில் இல்லை. அந்தப் பம்பு மட்டும் அதற்கப்புறம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நட்டைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை.

ஆனால் கதை ஓயவில்லை. டீக்கடையில், கல்யாண வீட்டில், என் பள்ளி ஆசிரியைகள் வந்தால் அவர்களிடம், எல்லோரிடமும் அந்த நட்டுக் கதையைச் சொல்வீர்கள். "காத்தாலேர்ந்து அசையவே மாட்டேன்னுது. சாயங்காலம் ஒக்காந்து சும்மா ஸ்பேனர வெச்சேன், கழண்டுகினு வந்துடுச்சி. எல்லாம் எங்கூட்டுக்காரி கை ராசி." முடிக்கும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். அவர்கள் போனதும், "அதென்ன கழண்டுகினு? கழன்றுகொண்டு. பொண்ணு உங்களைப் பாத்துப் பேசக் கத்துக்குது" என்று அதட்டுவேன். அவ்வளவு தெனாவட்டு எனக்கு. என்னால் கிடைத்த பெருமையைத்தானே ஊரெல்லாம் அளந்துகொண்டிருக்கிறீர்கள் என்று உள்ளே ஒரு எகத்தாளம். நேரம் வரும்போது உண்மையைச் சொல்லி உங்களை அசத்த வேண்டும் என்று வைத்திருந்தேன். நீங்கள் நேரம் கொடுக்கவில்லை.

இன்று குள்ளஞ்சாவடி ஷெட்டில், "நீங்க இறுக்குற பக்கம்னு நெனைக்கிறீங்களே, அந்தப் பக்கம் தள்ளுங்க" என்றேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளினார். கூட ஒரு ஆளும் சேர்ந்து தள்ளினார். கீச்சென்று அதே சத்தம். ஆசையை அடக்க முடியாமல் குனிந்து, நட்டை விரலால் சுற்றிக் கழற்றி, திரும்ப மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். கையில் கறுப்பு அப்பியது அப்போதுதான்.

"துரு புடிச்ச நட்டு மொத தடவ உடுறப்பதான் டீச்சரம்மா இந்தச் சத்தம்" என்றார் அவர், தன் போக்கில் கையைத் துடைத்துக்கொண்டே. "அப்புறம் கத்தாது. தொட்டாலே தெரிஞ்சிடும், யாரோ மின்னயே கை வெச்சிட்டாங்கன்னு."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அன்று சாயங்காலம் நீங்கள் தள்ளியபோது சத்தமே வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு லாரியையே நம்பியிருந்தவருக்கு, குழாய் சொருகாமல் ஒரு கைத் தள்ளலில் கழல்கிற நட்டு என்ன சொல்லியிருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை. வண்டிக்குக் கீழே மண் முழுக்க ஈரமாகக் கிடந்தது. ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. மறுநாள் காலை இஞ்சி நசுக்கக் குழவியைத் தேடினேன், அது இருக்கிற இடத்தில் இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் சுத்தமாக. நான் அதை வண்டியடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். யார் கழுவிக் கொண்டுவந்து வைத்தது என்று ஒன்பது வருடமாக ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

எட்டாம் வகுப்புக்குத் தன்வினையும் பிறவினையும் வருடா வருடம் நடத்துகிறவள் நான். உருண்டது, உருட்டினான். திருந்தினான், திருத்தினான். கழன்றது, கழற்றினான். எட்டு வருடத்தில் அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட 'நான் கழட்டினேன்' என்று நீங்கள் சொல்லவில்லை. நான் 'கினு'வைத் திருத்துவதிலேயே குறியாக இருந்து வினையைக் கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்கிறவர்கள் எல்லோரும் நீங்கள் கழற்றியதாக நினைத்துக்கொண்டார்கள். நானும் உங்களுக்கு அந்தப் பெருமையை விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். நீங்கள் பொய்யும் சொல்லவில்லை, என் ஆசையையும் கெடுக்கவில்லை. கோபமாக வருகிறது எனக்கு. இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்களே. நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஷெட்டிலிருந்து கிளம்பும்போது மெக்கானிக் கேட்டார்: "இதுக்கு மின்ன யாரு டீச்சரம்மா இத கழட்டனது? சாரா?"

ஒன்பது வருடமாக யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"யாரும் கழட்டலீங்க" என்றேன். "அதுவா கழண்டுகினு வந்துடுச்சி."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. என் வாயில் அப்படி ஒரு சொல் இதுவரை வந்ததில்லை. மெக்கானிக் சிரித்தார். பஸ்ஸில் வரும்போது இன்னொரு தடவை முணுமுணுத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்கிற மாதிரியேதான் இருந்தது. நான் திருத்தவில்லை.